சேகரின் இடத்தில் உட்காரத் திருச்சிக்குப் போனேன்

நான் குடியிருக்கும் ஊரின் பெயருக்குப் 'பச்சை இடம்' என்று அர்த்தம். இது தெரியாமலேயே பல வருடம் அந்த ஊருக்கு வரி கட்டியிருக்கிறேன். லண்டனுக்குத் தெற்கே, தண்டவாளம் போதும் என்று நின்றுவிடுகிற இடத்தில் இருக்கிறது ஈஸ்ட் கிரின்ஸ்டெட். கிரின் என்பது பச்சை, ஸ்டெட் என்பது இடம், ஈஸ்ட் என்பது கிழக்கு. கிழக்கைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. பச்சை என்று நான் தினமும் பார்ப்பது கார் நிறுத்துமிடத்துச் சுவரில் படிந்த பாசியைத்தான்.

அர்த்தத்தைச் சொன்னவர் எதிர்வீட்டு ஹெலன். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர்ப் பெயர்களைத் தோண்டிப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. எங்கள் தெருவில் மற்றவர்கள் உருளைக்கிழங்கு தோண்டுகிறார்கள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுச் சாவியைக் கொடுக்கப் போனபோது, எதற்குத் திடீரென்று இந்தியா என்று கேட்டார். நண்பனின் தங்கை மகளை என் மடியில் உட்கார வைத்துக் காதில் ஓட்டை போடப் போகிறோம் என்றேன். ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தால் இது போலீஸ் விசாரிக்க வேண்டிய விஷயம் போலத்தான் ஒலிக்கிறது. அவசரமாக விளக்க வேண்டியதாயிற்று.

சேகர் திருச்சிக்காரன், எங்கள் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். அவனுக்கு அப்பா அம்மா இல்லை. தங்கை மலர்விழி மட்டும். அவளுக்கு ஒரே பெண், யாழினி. காது குத்தும்போது குழந்தை உட்கார வேண்டியது தாய்மாமன் மடி. ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை வயதில் நடக்க வேண்டும். ஒரு வயதில் சேகருக்கு லீவு கிடைக்கவில்லை. மூன்று வயதில் புதுச் சட்டையெல்லாம் வாங்கி வைத்துவிட்டு, வீடு மாறுகிறேன் என்று நின்றுவிட்டான். இப்போது ஐந்து. இந்தத் தடவை விசா விண்ணப்பம் எங்கோ ஒரு அலுவலகத்தில் தூங்குகிறது. அது கண் விழிப்பதற்குள் கிளம்பினால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். அதனால் என்னிடம் வந்து, "அண்ணே, எனக்குப் பதிலா நீங்க போய் உக்காந்துட்டு வாங்க" என்றான். உட்காரும் வேலையை நான் வாழ்க்கையில் மறுத்ததே இல்லை.

ஹெலன் கவனமாகக் கேட்டார். "அப்படியென்றால் நீங்கள் அவருடைய ஸ்டெட்டில் போகிறீர்கள்" என்றார்.

அந்தச் சொல் இப்போது தனியாக நடமாடுவதில்லையாம். யாராவது கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனால்தான் வெளியே வரும். ஹோம்ஸ்டெட் என்று வீட்டோடு வரும். பெட்ஸ்டெட் என்று கட்டிலோடு வரும். ஸ்டெட்ஃபாஸ்ட் என்று அசைய மறுத்து வரும். ரொம்பப் பேர் தினமும் பார்ப்பது இன்ஸ்டெட்டில். அங்கே அது அடுத்தவனுக்குப் பதிலாக வந்து நிற்கும். பழைய ஆங்கிலத்தில் ஸ்டெடெ என்றால் வெறும் இடம். அதற்கும் வேர் நிற்பது. எது எங்கே நிற்கிறதோ அது அதன் ஸ்டெட். ஜெர்மன்காரர்கள் இதன் தம்பியை வளர்த்து, ஸ்டாட் என்று ஒரு நகரமாகவே ஆக்கிவிட்டார்கள். சமஸ்கிருதத்தின் ஸ்தானம் இதற்கு ஒன்றுவிட்ட பங்காளி. அதாவது மூலஸ்தானத்தில் இருக்கிற சாமிக்கும் என் வீட்டு முகவரிக்கும் எங்கோ தூரத்தில் சொந்தம்.

கர்டில்ஸ்டெட் என்று செத்துப்போன ஒரு சொல்லும் இருக்கிறது என்றார் ஹெலன். அரைக்கச்சை கட்டுகிற இடம், அதாவது இடுப்பு. அபூர்வமாக மடி என்றும் பொருள் உண்டு. சொல்லிவிட்டு என் இடுப்பைப் பார்த்தார். "உங்களிடம் அதற்குத் தட்டுப்பாடே இல்லை" என்றார். இங்கிலாந்தில் இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நன்றி சொல்ல வேண்டும். சொன்னேன்.

முதல் நாள் திருச்சி விமான நிலையத்தில் மலர்விழியின் கணவர் குமரேசன் ஸ்கூட்டரோடு காத்திருந்தார். கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை. பேச்சையும் அளந்து, பொருத்தி, ஆறவிட்டுத்தான் வெளியே விடுவார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்கூட்டரைப் பார்த்தார். ஆட்டோ பிடித்துக்கொள்ளலாமே என்றேன். "வேணாங்க, பக்கம்தான்" என்றார். திருச்சியில் 'பக்கம்தான்' என்பதற்கு அகராதியில் உள்ள அர்த்தம் கிடையாது. பெட்டி அவர் கால்களுக்கு நடுவில் நிற்க, இரண்டு முழங்கால்களும் ஆளுக்கொரு திசையில் பிரிந்து போயின. புதுக்கோட்டை ரோட்டிலிருந்து தஞ்சாவூர் ரோட்டுக்கு வருவதற்குள் பெட்டியின் ஒரு சக்கரம் கழன்று எங்களை முந்திக்கொண்டு ஓடியது. குமரேசன் வண்டியை நிறுத்தவில்லை. "போகட்டுங்க, மிச்சம் இருக்குல்ல" என்றார்.

வீடு காட்டூரில். பெயரில் காடும் இருக்கிறது, ஊரும் இருக்கிறது. நேரில் ஊர் மட்டும்தான். வரிசையாக வீடுகள், டியூஷன் சென்டர், பிரியாணிக் கடை, மறுபடி டியூஷன் சென்டர். கிரின்ஸ்டெட்டில் பச்சையைக் காணோம், காட்டூரில் காட்டைக் காணோம். பெயர் வைத்தவர்கள் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதைக் காப்பாற்ற வேண்டியது யார் என்பதில் எந்த நாட்டிலும் தெளிவில்லை.

மலர்விழி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒல்லியாக, வேகமாக இருந்தார். இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் வைத்தார். விமானத்தில் எனக்குக் கொடுத்த பொருளைச் சாப்பாடு என்று நம்பியிருந்த என் நாக்கு வெட்கப்பட்டுப் போனது. இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு என்று வைத்துக்கொண்டே இருந்தார். நான் கை கழுவித் துடைக்கும் வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்.

"சார், இவ்வளவு தூரம் வந்ததுல எங்களுக்கு சந்தோசம். ஞாயித்துக்கிழமை விருந்து இருக்கு, இருந்து சாப்பிட்டுப் போங்க. காது மட்டும் குத்தல."

குமரேசன் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். அவருக்கு இது புதிய செய்தி இல்லை என்பது அவர் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. சேகருக்கும் புதிய செய்தி இல்லை. மாமன் வந்தால் காது குத்து, வராவிட்டால் வெறும் சாப்பாடு, இரவல் மாமன் வேண்டாம் என்று போன மாதமே அவனிடம் சொல்லியாகிவிட்டதாம். பத்திரிகை அடித்துக் கொடுத்தாயிற்று, கோயிலில் சொல்லியாயிற்று, ஆசாரிக்கு வெற்றிலை பாக்கு வைத்தாயிற்று. இத்தனையும் ஆன பிறகு இந்தத் தகவல் தெரியாமல் அந்த வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று யாழினி. இன்னொன்று நான்.

மாடி அறைக்குப் போய்ச் சேகரைப் போனில் பிடித்தேன். நேரில் பார்த்தால் ஒத்துக்கொள்வாள் என்று நினைத்தானாம். "உங்க மொகத்தப் பாத்தா யாருக்கும் கோவம் வராதுண்ணே" என்றான். நாற்பத்தெட்டு வயதில் ஒருவனுக்கு இப்படி ஒரு முகம் வாய்த்திருப்பது நல்லதா கெட்டதா என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

இரண்டாம் நாள் காலையில் குமரேசன் மாடிக்கு வந்து, சீர் சாமான் வாங்கப் போகலாமா என்று கேட்டார். காது குத்தே இல்லாதபோது சீர் எதற்கு என்றேன். "வாங்கி வைப்போங்க. அவ மனசு மாறுனா அப்ப எங்க போய் ஓடுறது" என்றார். வெல்டிங்காரர்கள் நம்பிக்கையுள்ளவர்கள்.

தாய்மாமன் சீர் என்பது மாமன் வீட்டார் வாங்கித் தட்டில் வைத்து, மேளத்தோடு எடுத்து வந்து, தகப்பன் வீட்டார் முன்னால் பரப்பி அசத்துவது. இங்கே அசத்த வேண்டிய மாமனுக்குப் பெரிய கடை வீதி எந்தப் பக்கம் என்றே தெரியாது. அசந்துபோக வேண்டிய தகப்பனே என்னை ஸ்கூட்டரில் ஏற்றி அழைத்துப் போனார். பட்டுப் பாவாடைக்கு நிறம் அவர்தான் சொன்னார். பழக் கடையில் ஆப்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடிபட்டதை ஒதுக்கி, தனக்கு வரப்போவதை நல்லதாகத் தானே எடுத்துக் கொடுத்தார். எல்லாம் வாங்கி முடித்ததும், "ஞாயித்துக்கெழம இதையெல்லாம் நான் பாத்த மாதிரி காட்டிக்க மாட்டேங்க" என்று உறுதி கொடுத்தார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

மத்தியானம் அவருடைய அக்கா சாந்தி மணப்பாறையிலிருந்து வந்து இறங்கினார், ஒரு டின் நிறைய முறுக்கோடு. அழைத்து வரப் பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தோம். அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. ஸ்டெட்டுக்கு வேர் நிற்பது என்று ஹெலன் பெருமைப்பட்டாரே, நாமும் நில் என்பதை வைத்துத்தான் நிலம் என்கிறோம், நிலை என்கிறோம், நிலையம் என்கிறோம். உறவே இல்லாத இரண்டு பாஷைகள் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன. அந்தப் பேருந்து நிலையத்தில் உட்கார ஒரு பெஞ்சுகூடக் காலியில்லை. நிற்பதுதான் இடம் என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்கத் தேவைப்படவில்லை. இந்தக் கண்டுபிடிப்பைக் குமரேசனிடம் சொன்னேன். அவர் நிதானமாக யோசித்து, "மணப்பாற பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்குமுங்க" என்றார்.

சாந்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். தம்பி பெண்டாட்டிக்கு அண்ணன் என்றால் அவருக்கு மச்சான் முறை. கேலி செய்ய உரிமை உண்டு. உரிமையை விட்டுக்கொடுக்கும் வீட்டில் அவர் பிறக்கவில்லை. சேகர் ஒல்லி, மீசை வைத்தவன். அனுப்பி வைத்த ஆளுக்கு மீசையையும் சேர்த்து வயிற்றில் வைத்து அனுப்பிவிட்டான் என்றார். சம்மணம் போட வருமா என்று கேட்டார். வரும் என்றேன். வீட்டுக்கு வந்ததும் நடுக்கூடத்தில் போட்டுக் காட்டச் சொன்னார். வருடக்கணக்காக நாற்காலியிலேயே காலம் தள்ளியவன் நான். ஒரு கால் மடங்கியது. இன்னொன்று பேச்சுவார்த்தைக்கே வரவில்லை. யாழினி எதிரே உட்கார்ந்து முறுக்குத் தின்றபடி சர்க்கஸ் பார்ப்பது போலப் பார்த்தாள். "வயிறு போக மடி எங்கம்மா இருக்கு இவருக்கு" என்று சாந்தி கேட்டபோது, சமையலறையிலிருந்து மலர்விழி எட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஆனால் எட்டிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. குமரேசனுக்கு ஷிஃப்ட். ஊருக்கு வந்துவிட்டு ரெங்கநாதரைப் பார்க்காமல் போனால் எங்களைத்தான் ஏசுவார்கள் என்று மலர்விழி என்னையும் யாழினியையும் ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போனார். சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் மாறினோம். வாரக் கடைசி, ஏறும்போதே நிரம்பி வழிந்தது. ஈஸ்ட் கிரின்ஸ்டெட் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒருவர் வந்து உட்கார்ந்தாலே என்ன குற்றம் செய்தோம் என்று யோசிப்போம். இங்கே ஒருவர் முழங்கை என் விலாவிலும், இன்னொருவர் தூக்குவாளி என் முதுகிலும் வீடு கட்டிக் குடியேறின.

மலர்விழி யாழினியைத் தூக்கிக்கொண்டு கம்பியைப் பிடிக்கத் தடுமாறினார். ஜன்னலோர இருக்கையில் பூக்கூடையோடு ஒரு அம்மா இருந்தார். கூடையைக் காலடியில் இறக்கினார், இரண்டு கையையும் நீட்டினார், குழந்தையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். மலர்விழி யாரென்று கேட்கவில்லை. யாழினி அந்த அம்மாவின் வளையல்களை உருட்ட ஆரம்பித்துவிட்டாள். காவிரிப் பாலத்தில் காற்று வந்ததும் அங்கேயே சாய்ந்து தூங்கியும் போனாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. முன்பின் தெரியாத மடிக்கு அனுமதி உண்டு, ஏழு கடல் தாண்டி வந்த மடிக்கு மட்டும் தடையா என்று கேட்டுவிட்டேன்.

மலர்விழி கம்பியை விடாமல் திரும்பினார். "பஸ்ல எறங்கிடுவோம் சார். மாமன் மடியில ஒக்காந்தா எறங்க முடியாது."

அதற்குப் பிறகு ஸ்ரீரங்கம் வரும் வரை நான் தூக்குவாளியோடு மட்டும் பேச்சு வைத்துக்கொண்டேன்.

கோயில் வரிசை மெதுவாக நகர்ந்தது. மௌனம் எனக்கு ஆகாது. பேச ஏதாவது வேண்டுமே என்று, எனக்குத் தெரிந்த அரைகுறையை எடுத்துவிட்டேன். உள்ளே பள்ளிகொண்டிருக்கும் பெரிய பெருமாள் எழுந்து வெளியே வருவதில்லை, அவருக்குப் பதிலாக உற்சவர்தான் வீதியெல்லாம் சுற்றி வருகிறார், ஆகவே பெருமாளே ஆள் வைத்துத்தான் நடத்துகிறார் என்றேன். நல்ல வாதம் என்று நினைத்தேன். முன்னால் நின்றிருந்த மடிசார் அம்மாள் மெல்லத் திரும்பினார். தினமும் வருகிறவர் என்பது அவர் வரிசையில் நின்ற சுவாதீனத்திலேயே தெரிந்தது.

"பதிலாளா? யார் சொன்னா? உள்ள சயனிச்சுண்டு இருக்கறவரும் அவர்தான், வெளில புறப்பாடு கண்டருளறவரும் அவர்தான். அவர் வெளில வந்துட்டார்னு உள்ள யாராவது கதவச் சாத்திண்டு போயிடறாளா?" என்றார். பிறகு என் தலைக்கு மேல் பார்த்து, "நகருங்கோ, வரிசை போயிண்டே இருக்கு" என்றார்.

நகர்ந்தேன். தரிசனம் ஒரு நொடி. அந்த நொடியில் கற்பூர வெளிச்சமும் ஒருவர் முழங்கையும் தெரிந்தன. பெருமாளைப் பார்த்தேன் என்று மலர்விழியிடம் சொன்னேன். பெருமாள் என்னைப் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கையில்.

வெளியே வந்து, மணல்வெளிப் பக்கம் நிழலாக ஒரு மண்டப ஓரத்தில் உட்கார்ந்தோம். பிரசாதக் கடையில் வாங்கிய புளியோதரை இலையில் சூடாக இருந்தது. யாழினி மணலில் கோடு போடப் போய்விட்டாள். மலர்விழி இலையை மடித்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, நான் கேட்காமலேயே பேசினார்.

"கல்யாணத்துல அவருக்கு மோதரம் போட வேண்டியது எங்கண்ணன். பெரியப்பா மகன் போட்டான். வளகாப்புக்கு வர வேண்டியது எங்கண்ணன். கூட வேல பாக்குற டீச்சர், அவங்க வீட்டுக்காரரோட சேந்து தட்டத் தூக்கிட்டு வந்தாங்க. இப்ப நீங்க. எங்கண்ணனுக்குப் பதிலா மொத்தம் எத்தன பேரு சார்?"

நான் புளியோதரையில் கடலைப் பருப்பைத் தேடினேன்.

"ஆளு கெடைக்கலன்னாத்தான் சார் அவன் வருவான். கெடச்சுக்கிட்டே இருந்தா அவனுக்கு எதுக்கு வரணும்? எனக்குப் பொறந்த வீடுன்னு இருக்குறது அவன் ஒருத்தன். அந்த எடத்துல யாரோ ஒருத்தர ஒக்கார வெச்சு ஒக்கார வெச்சு, கடைசில அப்படி ஒரு எடமே இல்லன்னு ஆயிடும்."

இந்த இடத்தில் நான் ஹெலனைக் கூப்பிட்டேன். அதாவது, அவர் சொன்ன சொல்லைக் கூப்பிட்டேன். ஸ்டெட் என்றால் நிற்கிற இடம். இன்ஸ்டெட் என்று நான் போய் நின்றாலும் இடம் என்னுடையதாகாது, அது அவன் இடம்தான், நான் அதில் கொஞ்ச நேரம் நிற்கிறேன், அவ்வளவுதான் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். ஜெர்மனிவரை போய்த் திரும்பி வந்தேன். மலர்விழி பொறுமையாகக் கேட்டார். பத்து வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவருக்குத் தவறான விடையைக் கடைசிவரை கேட்கும் பழக்கம் இருக்கிறது.

"வாடகைக்கு இருக்குறவங்களும் வர்றப்ப அதத்தான் சார் சொல்லுவாங்க" என்றார்.

பிறகு, "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பேப்பரெல்லாம் சரியாயிட்டா அவன் வருவானா?" என்று கேட்டார்.

கட்டாயம் வருவான் என்று சொல்லச் சொல்லித்தான் சேகர் என்னை அனுப்பியிருந்தான். வாய்வரை வந்தது. எதிரே அந்த முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டேன்.

"தெரியாதுங்க" என்றேன். "ஆசை இருக்கு. ஆசப்படுறதுல அவன் கெட்டிக்காரன்."

மலர்விழி முதல் தடவையாகச் சிரித்தார். கொஞ்ச நேரம்தான். அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. "அவன் போன்ல பேசுனா எப்பவும் 'அடுத்த வருசம் கண்டிப்பா'ம்பான். நீங்களாச்சும் தெரியாதுன்னீங்களே" என்றார். எழுந்து, சேலையிலிருந்து மணலைத் தட்டிவிட்டு, யாழினியைக் கூப்பிட்டார். காது குத்தைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லை. திரும்பும் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. நின்றுகொண்டிருந்த மலர்விழி யாழினியை என்னிடம் கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு வினாடி பார்த்தார். பிறகு கைப்பையை மட்டும் என் மடியில் வைத்தார். நான் அதைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை காட்டூரில் வீட்டுக்குப் பின் தெருவில் இருந்த சின்ன மாரியம்மன் கோயிலில் எல்லோரும் கூடிவிட்டார்கள். வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் என்னிடம் வந்து, நீங்கதான் மாமனா என்று கேட்டார்கள். இல்லை என்றும் சொல்ல முடியவில்லை, ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை. லண்டனிலிருந்து வருகிறேன் என்றேன். அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டார்கள். சீர்த் தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். குமரேசன் பட்டுப் பாவாடையை முதல் தடவை பார்ப்பவர் போலத் தொட்டுப் பார்த்து, நிறம் பிரமாதம் என்றார். அந்த நிறத்துக்காக நாங்கள் நான்கு கடை ஏறி இறங்கியிருந்தோம். நடிப்பில் அவருக்கு நல்ல எதிர்காலம் உண்டு.

ஆசாரி வந்து சிமிழைத் திறந்து வைத்தார். எல்லோரும் மலர்விழியைப் பார்த்தார்கள். மலர்விழி கோயில் சுவரில் சாய்த்து வைத்திருந்த மணைப் பலகையை எடுத்து வந்தார், கிழக்குப் பார்த்துப் போட்டார், முந்தானையால் துடைத்தார். என்னைப் பார்த்து, "உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். கால் எப்படி மடங்கியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று ஞாயிற்றுக்கிழமை என்று அதற்கும் தெரிந்திருக்க வேண்டும். யாழினியை மடியில் வைத்தார்கள். கையில் கற்கண்டு கொடுத்தார்கள். குமரேசன் போனை நீட்டிப் பிடித்தார். அதில் சேகர். அங்கே இன்னும் விடியவில்லை. பாதி முகத்தில் மட்டும் வெளிச்சம். மருத்துவமனைச் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

பெண் குழந்தைக்கு இடது காதுதான் முதலில் என்றார் ஆசாரி. மையால் புள்ளி வைத்தார். குழந்தையை இறுக்கிப் பிடியுங்கள் என்றார். யாழினி போனைப் பார்த்து, "மாமா, கல்கண்டு வேணுமா?" என்று கேட்டாள். சேகர் ஆமாம் என்பதற்குள் கம்பி இறங்கிவிட்டது.

அந்த அலறல் சமயபுரம்வரை போயிருக்கும். அதில் பாதி என்னுடையது. என் மணிக்கட்டில் அவள் பல் நன்றாகப் பதிந்திருந்தது. "கொழந்தையப் பிடிங்கன்னா, கொழந்த உங்களப் பிடிச்சிருக்கு" என்றார் ஆசாரி. நாள் பூராவும் இரும்பை உருக்கி ஒட்டும் குமரேசன் முகத்தைத் திருப்பித் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனும் அவரோடு சேர்ந்து தென்னை மரத்தையே காட்டியது. "என்ன ஆச்சு, யாராச்சும் காட்டுங்கப்பா, ஆச்சா?" என்று சேகரின் குரல் மட்டும் மரத்திடம் கெஞ்சிக்கொண்டிருந்தது.

ஆசாரி அடுத்த கம்பியை எடுத்துக்கொண்டு வலது பக்கம் நகர்ந்தார். மலர்விழி குனிந்து தன் உள்ளங்கையால் குழந்தையின் வலது காதை மூடினார்.

"போதுங்க."

ஆசாரி புரியாமல் பார்த்தார். சாந்திதான் முதலில் பேசினார். "ஏய், என்னடி இது? ஒத்தக் காதோடயா பள்ளிக்கூடம் அனுப்புவ?"

"அனுப்புவேன் அண்ணி."

"ஒரு காது மட்டும் குத்தி விடுறது வழக்கமில்லம்மா" என்றார் ஆசாரி.

"மாமன் வராம இருக்குறதும் வழக்கமில்லதானுங்க" என்றார் மலர்விழி.

ஆசாரி கம்பியைச் சிமிழில் திரும்ப வைத்தார். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். மலர்விழி குமரேசன் கையிலிருந்து போனை வாங்கினார். விசும்பிக்கொண்டிருந்த குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்து, முதலில் இடது பக்கம் காட்டினார், பிறகு வலது பக்கம்.

"தெரியுதா? இந்தக் காது, உன் எடத்துல இந்த அண்ணன் ஒக்காந்து குத்துனது. இது உன் காது. நீ வந்து ஒக்காந்தாத்தான். இந்த வருசமோ எந்த வருசமோ, அதுவரைக்கும் மூளியாவே கெடக்கும். கேக்குறவங்க கிட்டல்லாம் இதத்தான் சொல்லுவேன்."

சேகர் அடுத்த வருடம் கண்டிப்பாக என்பான், விசா அலுவலகத்தைத் திட்டுவான், லீவுக் கதையை எடுப்பான் என்று காத்திருந்தேன். பாதி வெளிச்சத்தில் அவன் முகம் போனுக்கு அருகே வந்தது.

"எந்தக் காது புள்ள எனக்கு?" என்றான்.

"வலது."

சேகர் தன் வலது காதைத் தொட்டுப் பார்த்தான்.

"சரி" என்றான். "அத யாரையும் தொட விட்றாத."